சீட்டில் இல்லாத ஐயாவும் கோலப்பொடிக் காத்தாயி அம்மாவும்

போன மாதம் எங்கள் சபையின் சண்டே ஸ்கூலில் ஒரு கேள்வி வந்தது. கேட்டவள் பெனிட்டா. ஆறாம் வகுப்பு படிக்கிறாள். எப்போதும் எதையாவது மென்றுகொண்டே இருப்பாள். கேள்வி கேட்கும்போது மட்டும் மெல்லுவதை நிறுத்துவாள். அவள் தாடை நின்றால் நான் கடிகாரத்தைப் பார்ப்பேன்.

அன்றைக்கு நான் இயேசு சொன்ன கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓர் ஊரில் ஒரு நீதிபதி. கடவுளுக்கும் பயப்பட மாட்டான், மனுஷரையும் மதிக்க மாட்டான். அதே ஊரில் ஒரு விதவை. அவளுக்கு யாரோ அநியாயம் செய்துவிட்டார்கள். அவள் போய் நியாயம் கேட்டாள். அவன் காதில் வாங்கவில்லை. மறுபடி போனாள். மறுபடியும் போனாள். கடைசியில் அவன், இவளுக்கு நியாயம் செய்துவிடலாம், இல்லாவிட்டால் வந்து வந்தே நம்மை ஒரு வழி பண்ணிவிடுவாள் என்று நினைத்து, செய்தான். இவ்வளவுதான் கதை.

பெனிட்டாவின் தாடை நின்றது.

"அங்கிள், அந்தம்மா ஜட்ஜ் ரூமுக்குள்ள எப்படிப் போனாங்க? வாசல்ல ஆள் நிக்க மாட்டாங்களா?"

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அரசாங்க சர்வீஸ் முழுவதும் அந்த மாதிரி வாசலில் நின்ற ஆள் நான்தான்.

"இன்னொன்னு அங்கிள். அப்ப கடவுளும் தொல்லை குடுத்தாத்தான் செய்வாரா?"

நல்லவேளை, மணி அடித்தது. வீட்டுக்கு வந்து என் மகளிடம் சொன்னேன். "அப்பா, பதில எழுதிக் குடுத்துருங்க. வாயால சொன்னீங்கன்னா பாதியில வேற கதைக்குப் போயிருவீங்க" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

பிள்ளைகளே, டவாலி என்றால் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. பெரிய அதிகாரியின் அறை வாசலில் வெள்ளை உடுப்புப் போட்டு, மார்பில் குறுக்காகச் சிவப்புப் பட்டை அணிந்து, பித்தளை வில்லை பளபளக்க ஒருவன் நிற்பான். அந்தப் பட்டைக்கும் டவாலி என்றுதான் பெயர், அதைப் போட்டிருப்பவனுக்கும் அதே பெயர்தான். அதிகாரி நடந்தால் அவன் முன்னால் நடந்து, "விலகுங்க, விலகுங்க" என்று வழி விடச் சொல்ல வேண்டும். யாராவது சத்தமாகப் பேசினால் "உஷ்" என்று அடக்க வேண்டும். நான் வாழ்நாளில் பேசிய பேச்சைவிட "உஷ்" என்றதுதான் அதிகம் என்பாள் என் மனைவி ஸ்டெல்லா. பழக்கதோஷத்தில் ஒருமுறை என் மாமியாரைப் பார்த்து "உஷ்" என்றுவிட்டேன். அதன் விளைவுகளை எழுத இங்கே இடம் போதாது.

இப்போது நான் ஓய்வு பெற்ற அலுவலகத்தில் டோக்கன் மிஷின் வைத்துவிட்டார்கள். மனுவைப் போனிலேயே அனுப்பலாமாம். என் இடத்துக்கு வந்திருக்கும் தம்பி ஜீன்ஸ் போட்டிருக்கிறார். "பட்டையெல்லாம் எதுக்கு அண்ணே, கல்யாண மாப்பிள்ளை மாதிரி" என்று என்னையே கேட்டார்.

நான் பத்தாவது வரை படித்தவன். வேலையில் என்னைப் பழக்கியவர் சின்னசாமி அண்ணன். பழக்கியது என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. எப்படி நிற்பது, எப்படி நடப்பது, சிரிப்பு வந்தால் எங்கே பார்ப்பது, அவ்வளவுதான். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் தினமும் சொல்லுவார்.

"முன்னால நடக்கறவன் திரும்பிப் பாக்கவே கூடாது, சாமுவேலு. பின்னாடி ஐயா வர்றாரான்னு நீ பாத்தின்னா, ஐயா மேல ஒனக்குச் சந்தேகம்னு அர்த்தம்."

ஒருமுறை அவர் இப்படி வழி விலக்கிக்கொண்டே கூட்ட அறைக்குள் போய், ஓரமாக ஒதுங்கிச் சல்யூட் அடித்தாராம். பின்னால் யாருமே இல்லையாம். செருப்பு வார் அறுந்து, ஐயா பாதி வழியிலேயே நின்றுவிட்டாராம். "அப்பவும் நான் திரும்பல பாத்துக்க" என்று பெருமையாகச் சொல்லுவார்.

கடைசியாக நான் வேலை பார்த்தது ஸ்ரீரங்கத்தில் ஒரு அலுவலகத்தில். தெரு, நடைபாதை, தரைக்கடை சமாச்சாரங்களைப் பார்க்கிற இடம். பெயர் வேண்டாம். பாலக்கரையிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டிப் போவேன். அங்கே எனக்கு அதிகாரி கோதண்டபாணி ஐயா.

கெட்டவர் இல்லை. யாரிடமும் கை நீட்ட மாட்டார். வீட்டிலிருந்து கொண்டுவரும் தயிர்சாதத்தில் மாவடு இருந்தால் எனக்கும் ஒன்று எடுத்து வைப்பார். அவரிடம் இருந்தது பயம் ஒன்றுதான். மேலே இருக்கிறவர்களுக்குப் பயம், கீழே இருக்கிற ஹெட்கிளார்க் அம்மாவுக்குப் பயம், டிரான்ஸ்ஃபருக்குப் பயம், பல்லிக்குப் பயம். சனிக்கிழமை தவறாமல் போய்ப் பெருமாளைச் சேவிப்பார், கடவுளுக்கும் பயம். ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் பேனாவைத் திறப்பார், மூடுவார், திறப்பார். "அப்புறம் பாக்கலாமே" என்பார்.

இயேசு சொன்ன கதையில் வரும் நீதிபதிக்கு யாரிடமும் பயமில்லை. எங்கள் ஐயாவுக்கு எல்லாரிடமும் பயம். நியாயம் கேட்டு வெளியே உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். கதவு திறக்காது.

கதவு திறக்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை. அதற்கு மணி பாஷை ஒன்று இருந்தது. மேஜை மணி லேசாக "டிங்" என்றால் டீ. இரண்டு தடவை என்றால் ஹெட்கிளார்க் அம்மா. விடாமல் கொஞ்ச நேரம் அடித்தால், வெளியே வந்திருப்பவரிடம் நான் "ஐயா இல்ல" என்று சொல்ல வேண்டும். சேர்ந்த புதிதிலேயே நான் ஐயாவிடம் சொல்லிவிட்டேன்.

"ஐயா, தப்பா நெனச்சுக்காதீங்க. நான் ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களுக்குப் பொய் சொல்லக்கூடாதுன்னு சொல்லிக் குடுக்கறேன். நீங்க உள்ள இருக்கறப்ப எப்படி இல்லன்னு சொல்றது?"

ஐயா இதை நிஜமாகவே யோசித்தார். பேனாவைத் திறந்து மூடினார்.

"சரி சாமுவேல், இப்படிப் பண்ணுவோம். நான் எந்திரிச்சு நின்னுக்கறேன். நீங்க 'ஐயா சீட்ல இல்ல'ன்னு சொல்லுங்க. அது பொய் இல்லையே?"

என் மனசாட்சிக்காக ஒரு அதிகாரி எழுந்து நிற்கச் சம்மதித்தது உலகத்திலேயே இதுதான் முதல் தடவையாக இருக்கும். அன்று முதல் விடாமல் மணி அடித்தால், நான் உள்ளே நாற்காலி நகரும் சத்தத்துக்காகக் காத்திருந்து, அது கேட்ட பிறகு, "ஐயா சீட்ல இல்லீங்க" என்பேன். வந்தவர்கள் போய்விடுவார்கள். ஐயா உட்கார்ந்துகொள்வார். காத்தாயி அம்மா வரும் வரை இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை.

காத்தாயி அம்மா உத்திர வீதித் திருப்பத்தில், நடைபாதையில் உட்கார்ந்து கோலப்பொடி விற்பவர். புருஷன் காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கினவர், இறந்துவிட்டார். பிள்ளை குட்டி இல்லை. முழங்கால் தேய்ந்துபோன மனுஷி, ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்தே பொழைத்துக்கொண்டிருந்தார். அந்த வருஷம் ஆடிப்பெருக்குக் கூட்டத்துக்காக எல்லாத் தரைக்கடைகளையும் எடுக்கச் சொன்னார்கள். கூட்டம் கலைந்ததும் எல்லாரும் அவரவர் இடத்துக்குத் திரும்பினார்கள். இவர் இடத்தில் மட்டும் ஒரு ஆளுயரக் குத்துவிளக்கு நின்றது.

பின்னால் இருந்த பித்தளைப் பாத்திரக்கடை முதலாளி, கடை விளம்பரத்துக்காக நிறுத்தியது. அந்த முதலாளி பெரிய பெரிய மனிதர்களோடு போட்டோ எடுத்துக் கடை முழுக்க மாட்டியிருப்பவர். எங்கள் ஐயாவுக்கு முதலாளியிடம்கூட அவ்வளவு பயமில்லை, அந்தப் போட்டோக்களிடம்தான் பயம்.

காத்தாயி அம்மா முதல் நாள் வந்தார்.

"ஐயாவப் பாக்கணும் தம்பி."

மணி விடாமல் அடித்தது. நாற்காலி நகர்ந்தது.

"ஐயா சீட்ல இல்லம்மா."

"சரி. ஒக்காந்திருக்கேன்."

பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்தார். நேரம் போனது. ஐயாவின் அறைக் கதவில் மேல் பாதி மங்கலான கண்ணாடி.

"ஏந்தம்பி, கண்ணாடியில ஒரு நெழலு தெரியுதே, அது யாரு?"

பொய் சொல்லக்கூடாதே. "ஐயாதாம்மா."

"சீட்ல இல்லன்னியே?"

"சீட்ல இல்லம்மா. நிக்கிறாரு."

காத்தாயி அம்மா கொஞ்சம் யோசித்தார். "ஏன், சீட்டு ஒடஞ்சுபோச்சா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சின்னசாமி அண்ணன் சொல்லிக்கொடுத்தபடி மின்விசிறி ஸ்விட்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பாவம், நிக்கட்டும்" என்றார். "நான் ஒக்காந்திருக்கேன்."

அவர் எழுந்து போகும்போது பெஞ்சில் வெள்ளையாக ஒரு அச்சு இருந்தது. சேலையெல்லாம் கோலப்பொடி. அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும். பெஞ்சில், சுவரில், கைப்பிடியில், ஐயா ஒருநாள் தப்பித்துப் போன கொல்லைப்புறக் கதவில்கூட வெள்ளை வெள்ளையாகக் கை அச்சு. அவர் உட்கார்ந்திருக்கிற நேரமெல்லாம் ஐயா உள்ளே நின்றுகொண்டிருந்தார். புரட்டாசி முடிவதற்குள் ஐயாவுக்குக் கால் வீங்கிவிட்டது. டாக்டரிடம் போனால் அவர், "நீங்க என்ன, டிராஃபிக் போலீஸா?" என்று கேட்டாராம்.

ஒரு திங்கட்கிழமை ஐயா என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"நேத்து குடும்பத்தோட முக்கொம்பு போயிருந்தேன் சாமுவேல். பார்க்குல ஊஞ்சல் காலியா இருந்துச்சு. சின்ன வயசு ஆசை, போய் ஒக்காந்தேன். பின்னாடி இருந்து யாரோ தள்ளி விட்டாங்க. என் பொண்ணுன்னு நெனச்சு, 'இன்னும் வேகமா'ன்னேன்."

"அப்புறம்?"

"வேகமாத்தான் தள்ளினாங்க. முன்னால போறப்ப ஒன்னுமில்ல. பின்னால வர்றப்ப காதுகிட்ட 'ஐயா'ங்குது. முன்னால போயிட்டு வந்தா 'என் எடம்'ங்குது. மறுபடி போயிட்டு வந்தா 'வெளக்கு நிக்குதுங்க'ங்குது. எறங்கலாம்னா ஊஞ்சல் நிக்க மாட்டேங்குது!"

இடம் போனதால் காத்தாயி அம்மா பொடி மூட்டையைத் தூக்கிக்கொண்டு கூட்டம் சேரும் இடமெல்லாம் அலைந்தார். அதனால்தான் அன்றைக்கு முக்கொம்பில் இருந்தார். ஐயாவைத் தேடிப் போகவில்லை. அந்த முழங்காலோடு பஸ் ஏறி இறங்கி அலைந்தார் என்பதை நினைத்தபோது எனக்கு ஊஞ்சல் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அன்றைக்கு அவர் வந்தபோது நானே கேட்டேன். "ஏம்மா, வேற எடத்துல ஒக்காரக் கூடாதா?"

"எங்க போனாலும் அது இன்னொருத்தி எடம் தம்பி. நான் போயி ஒக்காந்தா அவ எங்க போவா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மார்கழி ஒரு மாசம் யாவாரந்தான் எனக்கு வருசம் பூராச் சோறு. மார்கழிக்குள்ள எடம் கெடைக்கலன்னா உப்பிலியபுரத்துல எங்கண்ணன் வூட்டுக்குப் போயிரணும். அண்ணி நல்லவதான். ஆனா அவ தட்டுல சோத்தப் போடுற சத்தம் இருக்கே, அத என்னால கேக்க முடியாது" என்றார்.

இதை வீட்டில் சொன்னேன். ஸ்டெல்லா சட்னி அரைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கதையில வர்ற விதவைய ஞாயித்துக்கிழமை பாராட்டுறீங்க. திங்கக்கிழமை நேர்ல வந்தா 'சீட்ல இல்ல'ங்கிறீங்க."

"அது பொய் இல்லடி, அவரு நெசமாவே நின்னுக்கிட்டுத்தான்..."

"உஷ்" என்றாள்.

பிள்ளைகளே, வேதத்தில் விதவை, அநாதை, பிழைக்க வந்த பரதேசி இந்த மூன்று பேரும் அடிக்கடி சேர்ந்தே வருவார்கள். இவர்களை ஒடுக்காதே, இவர்கள் கூப்பிட்டால் நான் கேட்பேன் என்று கடவுள் திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஏன் இவர்களை மட்டும்? இவர்கள் மற்றவர்களைவிட நல்லவர்கள் என்பதால் இல்லை. காத்தாயி அம்மா போடுகிற சண்டையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இவர்களுக்குச் சிபாரிசு செய்ய ஆள் கிடையாது, அதுதான் காரணம். ஆள் இல்லாத பக்கத்தில் கடவுளே வந்து நிற்கிறார்.

மறுநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஐயாவிடம் இதைச் சொல்லப் போனேன்.

"ஐயா, அந்தக் கோலப்பொடி அம்மாவுக்குப் பின்னாடி பெரிய ஆள் இருக்கு."

ஐயா வெளிறிப்போனார். "யாரு? எம்.எல்.ஏ.வா?"

"அதுக்கும் மேல ஐயா."

"மினிஸ்டரா?"

வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தது. கையை மேலே காட்டினேன். ஐயா அண்ணாந்து பார்த்தார். மேலே ஃபேன், பல நாளாக ஓடாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஃபேன் ரிப்பேருன்னு எனக்கும் தெரியும் சாமுவேல்" என்றார். என் பிரசங்கம் அத்தோடு முடிந்தது.

கார்த்திகை கடைசி நாள். காலையில் நான் அலுவலகத்துக்குப் போனபோது வாசலில் ஒரு கோலம் இருந்தது. கோலம் என்றால் சும்மா இல்லை. படியிலிருந்து கேட் வரைக்கும் ஒரு தேர், அதற்கு வடம், வடத்தைச் சுற்றிலும் தாமரை. காலை வைக்க இடமில்லை. நான் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் நடந்து உள்ளே போனேன்.

அரசாங்க அலுவலக வாசலில் பெரிய கோலம் இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மேலிடத்திலிருந்து யாரோ வருகிறார்கள். ஹெட்கிளார்க் அம்மா வந்தார், கோலத்தைப் பார்த்தார், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"சாமுவேல், எத்தனை மணிக்குன்னு சொன்னாங்க?"

"எனக்குச் சொல்லலீங்க மேடம்."

"எனக்கும் எல்லாம் தெரியும், டைம் மட்டும்தான் தெரியாது" என்றார்.

அங்கேதான் வினை. மேலிடத்திலிருந்து ஆள் வருவது ஒருவருக்குத் தெரியவில்லை என்றால் அது அவருடைய தப்பு ஆகிவிடும். அதனால் தெரியாது என்று யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. யார் என்று யாரும் கேட்கவுமில்லை. கேட்காமலே எல்லாரும் ஓட ஆரம்பித்தார்கள். ஒட்டடை அடித்தார்கள். பெஞ்சிலிருந்த வெள்ளை அச்சுகளைத் துடைத்தார்கள். காணாமல்போயிருந்த கக்கூஸ் சாவி கிடைத்தது. எலெக்ட்ரீஷியன் வந்து ஐயாவின் ஃபேனை ஓட வைத்தார். பன்னீர்ச் செம்பு வந்தது, எலுமிச்சம்பழம் வந்தது, சால்வை வந்தது.

ஐயா என்னைத் தனியாக இழுத்தார். "சாமுவேல், அன்னிக்கு ஒரு பெரிய ஆள்னு சொன்னீங்களே. அவரா?"

"தெரியலீங்க ஐயா" என்றேன். அது உண்மை.

சேதி உத்திர வீதி வரைக்கும் போய்விட்டது. பாத்திரக்கடை முதலாளி, வருகிறவர் தன் கடை வழியாகத்தான் வருவார், நடைபாதையில் விளக்கைப் பார்த்தால் என்ன சொல்வாரோ என்று பயந்து, நாலு ஆளை விட்டு அந்தக் குத்துவிளக்கைத் தூக்கிக் கடைக்குள் வைத்துவிட்டார். பிறகு பட்டு வேட்டி கட்டி, பூங்கொத்தோடு, போட்டோ எடுக்கிற ஆளையும் கூட்டிக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கே வந்து ஐயாவின் மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

ஏற்பாடு இதுதான். ஹெட்கிளார்க் அம்மா பன்னீர்ச் செம்போடு வாசலில் நின்று குரல் கொடுப்பார். நான் நடையில், ஐயாவின் அறையைப் பார்த்தபடி விறைப்பாக நிற்பேன். குரல் கேட்டதும் நடக்க வேண்டியது.

ஒரு வெள்ளைக் கார் வந்து கேட் முன்னால் நின்றது. "வந்துட்டாங்க!" என்று ஹெட்கிளார்க் அம்மா கத்திவிட்டுச் செம்போடு காரை நோக்கி ஓடினார். அந்தக் கார் சும்மா திரும்புவதற்காக அங்கே நின்றது என்று பிற்பாடு தெரிந்தது. டிரைவர்மேல் பன்னீர் தெளித்ததும் தெரிந்தது. ஆனால் எனக்கு எப்படித் தெரியும்? என் முகம் உள்பக்கம். பின்னால் படியேறும் காலடிச் சத்தம் கேட்டது. நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

"விலகுங்க, விலகுங்க!"

காத்திருந்த ஜனங்கள் எழுந்து வழி விட்டார்கள். யாரோ சிரிக்கிற மாதிரி இருந்தது. "உஷ்" என்றேன். பின்னால் காலடி மெதுவாக வந்தது. ஒரு கால் கொஞ்சம் இழுத்து இழுத்து வந்தது. பாவம், வயசான அதிகாரி, முழங்கால் வலி போலிருக்கிறது என்று நானும் நடையைக் குறைத்துக்கொண்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்தேன், உள்ளே போனேன், ஓரமாக ஒதுங்கினேன், சல்யூட் அடித்தேன்.

ஐயா சால்வையை விரித்துத் தயாராக வைத்திருந்தார். என் சல்யூட்டைப் பார்த்ததுமே அவர் கை தானாக உயர்ந்தது. போர்த்திவிட்டார். பளிச்சென்று போட்டோ வெளிச்சம்.

"எதுக்குங்க ஐயா போத்துறீங்க?" என்றார் காத்தாயி அம்மா. "எனக்குக் குளிரலியே."

ஐயா காத்தாயி அம்மாவின் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"கூட யாரு வந்திருக்காங்க?"

"யாருமில்லீங்க. எனக்கு யாரு இருக்கா?"

"வாசல்ல கோலம்..."

"நாந்தாங்க போட்டேன்."

"யாரு வர்றாங்கன்னு போட்டீங்க?"

"நாந்தான் வர்றேனே ஐயா! நாளைக்கு மார்கழி. எடம் இல்லன்னா நான் உப்பிலியபுரத்துக்குப் பஸ் ஏறணும். மிச்சம் இருக்கிற பொடியச் சொமந்துக்கிட்டு எங்க போறது? ஐயா வாசல்ல போட்டுட்டு, கடசியா ஒருவாட்டி கேட்டுட்டுப் போயிரலாம்னு வந்தேன். டவாலித் தம்பி முன்னாடி நடந்துச்சு, நானும் பின்னாடியே வந்துட்டேன்."

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மேலே பார்த்தேன். நான் பார்ப்பதைப் பார்த்து ஐயாவும் மேலே பார்த்தார். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஐயா அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது அவர் என்ன நினைத்தார் என்று நான் இதுவரை கேட்டதில்லை.

"ஐயா, மொதல்ல சீட்ல ஒக்காருங்க" என்றார் காத்தாயி அம்மா. "நீங்க நிக்கறதப் பாத்துப் பாத்து எனக்கே கால் வலிக்குது."

ஐயா உட்கார்ந்தார். எதிர் நாற்காலியைக் காட்டி, "நீங்களும் ஒக்காருங்கம்மா" என்றார். அவரும் சால்வையோடு உட்கார்ந்தார். பிறகு ஐயா பாத்திரக்கடை முதலாளியைப் பார்த்தார். முதலாளி பூங்கொத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"விளக்கு எங்க இருக்கு?"

"உள்ள எடுத்து வச்சுட்டேங்க. பெரியவர் வர்றாரேன்னு..."

"அப்ப எடம் காலியாத்தானே இருக்கு?"

"காலியாத்தாங்க இருக்கு. ஆனா..."

ஐயா பேனாவைத் திறந்தார். மூடுவார் என்று நான் காத்திருந்தேன். மூடவில்லை.

"வெளக்கு உள்ளயே இருக்கட்டும். இந்தம்மா எடம் இந்தம்மாவுக்கு. இனிமே அங்க வேற எதுவும் நிக்கக் கூடாது." சொன்ன பிறகு தன் குரலைத் தானே கேட்டு ஆச்சரியப்பட்ட மாதிரி இருந்தது. ஹெட்கிளார்க் அம்மாவைக் கூப்பிட்டு உத்தரவு எழுதச் சொல்லி, அங்கேயே கையெழுத்துப் போட்டார். அப்புறம் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்: "இல்லன்னா இவங்க வந்து வந்தே என் உயிர வாங்கிருவாங்க, சாமுவேல்."

அவர் நம் வேதத்தைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. அந்த நீதிபதி நினைத்ததை அப்படியே ஸ்ரீரங்கத்துப் பேச்சில் சொல்லிவிட்டார்.

அடுத்த நாள் விடியலில் காத்தாயி அம்மா தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டார். சால்வையை மடித்து முழங்காலுக்கு அடியில் வைத்திருந்தார். இப்போதும் அங்கேதான் இருக்கிறார். நான் அந்தப் பக்கம் போனால், "என்ன தம்பி, இன்னைக்கு சீட்ல இல்லியா?" என்பார். அன்று எடுத்த போட்டோவில் காத்தாயி அம்மா நடுவில், ஐயா ஒரு பக்கம், பூங்கொத்தோடு முதலாளி இன்னொரு பக்கம். முதலாளி தன் கடையில் மாட்டாத போட்டோ அது ஒன்றுதான்.

சரி, பெனிட்டா. உன் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். கடவுள் அந்த நீதிபதி மாதிரி இல்லை, எங்கள் ஐயா மாதிரியும் இல்லை. இப்படிப்பட்டவனே கடைசியில் நியாயம் செய்தான் என்றால், உங்களை நேசிக்கிற கடவுள் செய்யமாட்டாரா என்று கேட்கத்தான் இயேசு அந்தக் கதையைச் சொன்னார். கடவுள் நம் குரல் கேட்டதும் மணியை அடித்துவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் எழுந்து நிற்பவர் இல்லை. அவர் வாசலில் என்னைப் போல ஒருவனை நிறுத்தி வைக்கவும் இல்லை. நீ நேராகப் போகலாம்.

இனி முதல் கேள்வி. அந்த விதவை உள்ளே எப்படிப் போனாள்? கதையில் இயேசு அதைச் சொல்லவில்லை. நீதிபதியைப் பற்றிச் சொல்கிறார், விதவையைப் பற்றிச் சொல்கிறார், வாசலில் நின்றவனைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால் பெரிய நீதிபதி என்றால் வாசலில் கட்டாயம் ஒருவன் நின்றிருப்பான். பட்டையும் போட்டிருப்பான். என் அனுபவத்தில் சொல்கிறேன். அன்றைக்கு யாரோ பெரியவர் வருகிறார் என்று நினைத்து அவன் நெஞ்சை நிமிர்த்தி முன்னால் நடந்திருப்பான். பின்னால் ஒரு கால் இழுத்து இழுத்து வருகிற சத்தம் அவனுக்கும் கேட்டிருக்கும். திரும்பிப் பார்த்திருக்க மாட்டான்.